கேம் உருவாக்குவோர் மாநாட்டில் ரசிகருக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் தங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் வெளியான கட்டுரை, வீடியோ கேம்களை நேசிக்கும் கல்லூரி மாணவர்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸுக்குச் சென்று, தங்கள் மனம் கவர்ந்த கேம்களை உருவாக்கியவர்களை நேரில் சந்தித்துப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஊக்கப்படுத்தியிருந்தது. கட்டுரையாளரின் எண்ணம் நல்ல எண்ணமே. ஆனால் சென்னையில் ஒரு சிறிய கேம் நிறுவனத்தில் முதலில் சோதனையாளராகவும் பின்னர் லெவல் டிசைனராகவும் (கேமின் கட்டங்களை வடிவமைப்பவர்) பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்து வருபவன் என்ற முறையில், அந்த அறிவுரை மாணவர்களின் பணத்தையும் வீணாக்கும், அங்கே தொழில் நிமித்தம் கூடுபவர்களின் நேரத்தையும் வீணாக்கும் என்று கருதுகிறேன். ரசிகர் என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு யாரும் அந்த மாநாட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த மாநாடு பிறந்த விதத்தைப் பார்த்தாலே அது யாருக்கானது என்பது விளங்கிவிடும். 1988 ஆம் ஆண்டில் கிறிஸ் கிராஃபோர்ட் என்ற கேம் வடிவமைப்பாளர், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த தம் வீட்டின் வரவேற்பறையில் ஏறத்தாழ 25 சகதொழிலாளர்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசியதுதான் அதன் முதல் அமர்வு. கேம் எழுதுவது அன்றைக்குப் பெரும்பாலும் ஓரிருவர் அறைக்குள் அடைந்து கிடந்து செய்கிற வேலையாக இருந்ததால், ஒருவர் மாதக்கணக்கில் முட்டி மோதிக் கண்டுபிடித்த வழியை அடுத்த ஊரில் இருப்பவர் மறுபடியும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே அவர்கள் கூடினார்கள். இன்று அதே கூட்டம் சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையத்தில் ஐந்து நாட்கள் நடக்கிறது. 2024 இல் ஏறத்தாழ 30,000 பேர் வந்தார்கள். கூட்டம் பெருத்துவிட்டாலும் அறைகளுக்குள் நடக்கும் பேச்சின் தன்மை பெரிதாக மாறிவிடவில்லை. விலை குறைந்த கருவியில் ஒரு காட்சியை எப்படி நிமிடத்துக்குள் ஏற்றுவது, இணைப்பு மந்தமாக இருக்கும்போது இரண்டு ஆட்டக்காரர்களின் திரையில் ஒரே நிகழ்வை எப்படி ஒத்துப்போகச் செய்வது, ஐந்து பேர் கொண்ட குழு பணம் தீர்வதற்குள் ஒரு கேமை எப்படி முடிப்பது என்பவைதான் அங்கே பேசுபொருள். பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு குழுக்கள் செய்யும் சுயாதீன கேம்களுக்கான அமர்வுகளில், தோற்றுப்போன முயற்சிகளைப் பற்றி மட்டுமே பேசுவதற்கென்று தனி நேரம் ஒதுக்கப்பட்டதும் உண்டு. வட்டமேசை அமர்வுகளில் மேடைப் பேச்சாளர் என்று ஒருவர் இல்லை. வந்திருப்பவர்களே தங்கள் நிறுவனத்தில் எது உடைந்தது, எப்படி ஒட்டவைத்தோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ரசிகர் என்ன செய்வார் என்பதை நான் என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும். பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த நுழைவு அட்டையை வைத்துக்கொண்டு, தென்னிந்திய நகரம் ஒன்றில் நடந்த கேம் தொழில்துறைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நான் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்த ஒரு மொபைல் பந்தய கேமை உருவாக்கிய குழுவின் தலைவர் அன்று பேசினார். அந்தக் கேம் மக்களிடம் பெயர் வாங்கியும் காசு வாங்கவில்லை என்பதையும், தாங்கள் எந்த இடத்தில் தவறாகக் கணக்குப் போட்டோம் என்பதையும், அதனால் எத்தனை பேரை வேலையிலிருந்து அனுப்ப நேர்ந்தது என்பதையும் அவர் தயங்கித் தயங்கி, ஆனால் ஒளிக்காமல் சொன்னார். கேள்விகளுக்கு ஒதுக்கியிருந்தது பத்து நிமிடம். முதல் ஆளாக எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தவன் நான். அடுத்த பாகம் எப்போது வரும் என்று கேட்டேன். எனக்குப் பிடித்த காரை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். அதை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று வாதாடவும் செய்தேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். எனக்குப் பின்னால் குறிப்பேட்டோடு நின்றிருந்த ஒரு பெண், நினைவகம் குறைந்த போன்களில் தம் கேம் நடுவழியில் நின்றுபோவதைப் பற்றிக் கேட்கத் தொடங்கியபோது, நேரம் முடிந்துவிட்டது என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். அவர் எவ்வளவு தூரத்திலிருந்து, யாருடைய செலவில் வந்திருந்தாரோ தெரியாது. அந்தக் கேள்வியின் பெறுமதி எனக்குப் புரிவதற்கு நான் இந்தத் தொழிலுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆயின. இன்றும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

ரசிகருடைய நேரம் மட்டும் அல்லாமல், அவருடைய கண்ணும் கைப்பேசியும் அந்த அறைக்குள் வருகின்றன என்பதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். தன் தொழிலைச் செய்பவர்கள் நடுவே ஒருவர், “இந்த இடத்தில் எதிரிக்கு வேண்டுமென்றே குறி தவற வைத்தோம், இல்லாவிட்டால் யாராலும் ஜெயிக்க முடியாது” என்று சொன்னால் அது ஒரு நுட்பம்; எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். அதே வாக்கியத்தைப் பாதி வெட்டி இணையத்தில் போட்டால் “நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்” என்று ஆகிவிடும். என்னுடன் பணிபுரியும் ஒருவர், பாதியில் கைவிட்ட ஒரு கட்டத்தின் படத்தை விளக்கத்துக்காக ஒரு கூட்டத்தில் காட்டினார். பார்வையாளர் ஒருவர் அதைப் படம் பிடித்து வெளியிட, “காசு கொடுத்தவர்களிடமிருந்து மறைத்துவைத்த பகுதி” என்று அது இரண்டு நாட்கள் சுற்றியது. அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் முடிந்த படத்தைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லை. இழப்பு அவருக்கு அல்ல. அவருடைய பிழையிலிருந்து கற்றிருக்கக்கூடிய அத்தனை பேருக்கும்தான்.

கேம் உருவாக்குவோர் ரசிகர்களைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த மாநாட்டின் அமைப்பாளர்கள் 2023 இல் வெளியிட்ட ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆட்டக்காரர்கள் தொழிலாளர்களைத் துன்புறுத்துவதும் வசைபாடுவதும் இத்துறையில் ஒரு பிரச்சினையாக இருக்கிறது என்று கருத்துச் சொன்னவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். ஒரு துப்பாக்கியின் வேகத்தைச் சற்றே குறைத்ததற்காகக் குடும்பத்தையே இழுத்துத் திட்டும் செய்திகள் வருவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ரசிகர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்பதை நன்றாக அறிவேன். நானும் அவர்களிலிருந்து வந்தவன்தான். ஆனால் ஆண்டு முழுவதும் பொதுமக்கள் முன் அளந்து அளந்து பேச வேண்டிய நிலையில் இருக்கும் ஒருவருக்கு, ஐந்து நாட்களாவது தன் தொழிலின் மொழியில் அச்சமின்றிப் பேச ஓர் இடம் தேவைப்படுகிறது. 2024 மார்ச்சில், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்திருந்த காலத்தில், மாஸ்கோனி மையத்தை ஒட்டியுள்ள யெர்பா புவனா பூங்காவில் மாநாட்டுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் கூடி, குறித்த நேரத்தில் ஒன்றாக வாய்விட்டு அலறினார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்த கேம் வெளிவந்த கையோடு வேலை நீக்கக் கடிதம் வாங்கியவர்களின் ஓலம் அது. அந்தப் புல்வெளியில் கையெழுத்துக்காக ஏட்டை நீட்டிக்கொண்டு நிற்பது யாருக்கும் அழகாக இராது.

தொழில்துறைக் கூட்டத்தின் கதவை ரசிகர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈ3 என்ற கண்காட்சி ஓர் உதாரணம். 1995 இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய அது, கடைக்காரர்களும் பத்திரிகையாளர்களும் நிறுவனங்களைச் சந்தித்து வணிகம் பேசுவதற்கென ஏற்பட்டது. 2017 இல் முதன்முறையாகப் பொதுமக்களுக்கு 15,000 சீட்டுகள் விற்றார்கள். முன்பே நேரம் குறித்துக்கொண்டு சந்திப்பதற்காக வகுக்கப்பட்ட அரங்குகளில் மணிக்கணக்கான வரிசைகள் நின்றன. வேலைக்காக வந்தவர்களால் ஓர் அரங்கிலிருந்து இன்னோர் அரங்குக்குப் போக முடியவில்லை. பணம் கொடுத்து வந்த ரசிகரோ அரை நாள் நின்று ஒரு கேமை ஆடிப் பார்த்துவிட்டுச் சலிப்போடு திரும்பினார். ஈ3 அழிந்ததற்கு ரசிகர்கள்தான் காரணம் என்று சொல்வது பொய்யாகிவிடும். பெரிய நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளைத் தாங்களே நேரலையில் வெளியிடத் தொடங்கின. 2019 இல் சோனி ஒதுங்கிக்கொண்டது. அதே ஆண்டில் பதிவு செய்திருந்த பத்திரிகையாளர்கள் உள்ளிட்ட 2,000க்கும் மேற்பட்டோரின் தனிப்பட்ட விவரங்கள் கசிந்தன. பிறகு கொள்ளைநோய் வந்தது. 2023 டிசம்பரில் கண்காட்சியை நிரந்தரமாக மூடிவிட்டதாக அறிவித்தார்கள். ஆனாலும் தான் வணிகக் கூட்டமா மக்கள் திருவிழாவா என்று முடிவு செய்ய முடியாமல் அது தடுமாறிய ஆண்டுகள், இரு தரப்பையும் நிறைவு செய்யாமல் கழிந்தன என்பதில் ஐயமில்லை. இப்போது சான் பிரான்சிஸ்கோ மாநாடும் 2026 முதல் தன் பெயரோடு “ஃபெஸ்டிவல் ஆஃப் கேமிங்” என்று சேர்த்துக்கொண்டிருக்கிறது. அமைப்பாளர்கள் இது தொழில்துறைக்கானதே என்று சொன்னாலும், திருவிழா என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் போய்ப் பார்க்கத்தான் தோன்றும். தங்கள் கட்டுரையாளருக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம்.

ரசிகர்களுக்கென்று நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் கேம்ஸ்காமில் வணிகம் பேசுவோருக்குத் தனி அரங்குகள், மக்களுக்குத் தனி அரங்குகள். 2019 இல் 3,70,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். டோக்கியோ கேம் ஷோவில் முதலில் தொழில்துறைக்கான நாட்கள், பிறகு பொதுமக்களுக்கான நாட்கள் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாக்ஸ் கண்காட்சி 2004 இல் தொடங்கியதே ஆடுபவர்களுக்காகத்தான். அங்கெல்லாம் போகும் ரசிகரை வரவேற்பதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள், ஆடிப் பார்க்கக் கருவிகள் இருக்கும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். கட்டணம் கட்டுபவரை ஏன் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பல நூறு டாலர் கட்டணம், விமானச் செலவு, அந்த ஊரின் அறை வாடகை, விசாவுக்கான அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்தில் நம் ஊர் மாணவர் ஒருவர் நல்ல கணினியும் வாங்கி ஓராண்டு உட்கார்ந்து தன் முதல் கேமையும் செய்துவிடலாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. எல்லா உருவாக்குநரும் ஒரு காலத்தில் ரசிகரே, ரசிகரைத் தடுத்தால் நாளைய உருவாக்குநரைத் தடுப்பதாகாதா என்று கேட்பார்கள். 2005 இல் இதே மாநாட்டில் முதன்மை உரையாற்றிய ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் அன்றைய தலைவர் சடோரு இவாட்டா, தம் முகவரி அட்டையில் தாம் ஒரு நிறுவனத் தலைவர், தம் மனதில் கேம் உருவாக்குநர், ஆனால் இதயத்தில் கேம் ஆடுபவர் என்று சொன்னதை இத்துறையில் அறியாதவர் இல்லை. அந்த மூன்றும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதைத்தான் நானும் நம்புகிறேன். ஆனால் இவாட்டா தலைவராவதற்கு முன் பல ஆண்டுகள் நிரல் எழுதியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆடுகிற இதயத்தோடு அந்த அறைக்குள் நுழைவதில் தவறே இல்லை. கையில் ஏதாவது ஒரு வேலையும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அது பெரிய வேலையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. விடுதி அறையில் உட்கார்ந்து இலவச மென்பொருளில் செய்த, ஐந்து நிமிடம் மட்டும் ஓடக்கூடிய, பாதியில் நின்றுபோகிற ஒரு கேமாக இருந்தாலும் போதும். அதைச் செய்தவருக்குக் கேட்க உண்மையான கேள்வி ஒன்று இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே எவரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். மாறாக, காபியை ஆற விட்டுவிட்டு அரை மணி நேரம் தாளில் வரைந்து காட்டுவார்கள்.

அப்படி வருபவர்களுக்குப் பணம் தடையாக இருக்கக் கூடாது என்பதிலும் எனக்கு அதே அளவு அக்கறை உண்டு. மாநாட்டில் தன்னார்வலராக வேலை செய்தால் நுழைவு அட்டை கிடைக்கும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. நுழைவு அட்டை வாங்க முடியாத உருவாக்குநர்கள் பலர் யெர்பா புவனா புல்வெளியிலேயே உட்கார்ந்து தங்கள் கேம்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். 2013 இல் அதே பூங்காவில் “லாஸ்ட் லெவல்ஸ்” என்ற பெயரில் கட்டணமே இல்லாத கூட்டம் ஒன்றையும் நடத்தினார்கள். நம் நாட்டிலும் இந்திய கேம் உருவாக்குநர் மாநாட்டைப் பல ஆண்டுகள் ஹைதராபாதில் நடத்தினார்கள். சான் பிரான்சிஸ்கோவோடு ஒப்பிட்டால், அதற்குப் போகும் செலவு ஒரு மாணவரால் தாங்கக்கூடியதே. ஆடுவதிலிருந்து செய்வதற்குக் கடந்துவந்தவர்களை சான் பிரான்சிஸ்கோ மாநாடு எப்படி வரவேற்கும் என்பதற்குத் தமிழர்கள் பெருமைப்படக்கூடிய சான்று ஒன்றும் உண்டு. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை, இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதன் வழியாகச் சொல்லும் “வெண்பா” என்ற கேமை, டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023 இல் வெளியிட்டது. 2024 இல் அந்த மாநாட்டின்போது வழங்கப்பட்ட சுயாதீன கேம்களுக்கான விருதுகளில் தலையாய பரிசு அதற்குத்தான் கிடைத்தது. கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டிய அந்தக் கேமைச் செய்தவர்கள், இன்னொருவரின் கேமைப் பாராட்டுவதற்காக அந்த அரங்கில் இருக்கவில்லை.

தொழிலுக்கு வர விருப்பமில்லாத, ஆனால் தான் நேசிக்கும் கேம் எப்படிப் பிறந்தது என்று அறிய ஆசைப்படும் ரசிகருக்கு என்ன வழி என்று கேட்டால், வீட்டைவிட்டு நகராமலே அவருக்கு அந்த மாநாட்டின் சிறந்த பகுதி கிடைக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு சொல்வேன். மாநாட்டின் யூடியூப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான உரைகள் இலவசமாகக் கிடக்கின்றன. 2011 இல் “பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா” என்ற கேம் உருவான கதையை, அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் விவரித்த உரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் 2 கணினிக்காக 1989 இல் வெளிவந்த அந்தக் கேமின் இளவரசன் உயிருள்ள மனிதனைப் போல ஓடித் தாவுவதற்குக் காரணம், மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, ஒவ்வொரு சட்டகத்தையும் வரைந்து கணினிக்கு மாற்றியதே. அந்த நுணுக்கமான அசைவுகளே நினைவகத்தை அடைத்துக்கொண்டதால், எதிரிக்கென்று இன்னோர் உருவம் வரைய இடமில்லை. அப்போது இளவரசனின் உருவத்தையே ஒரு பிட் (கணினித் தரவின் மிகச் சிறிய அலகு) நகர்த்தி அதன் மேலேயே கலந்தபோது, விளிம்புகள் மினுங்கும் ஒரு நிழல் மனிதன் கிடைத்தான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு பிரிந்து செல்லும் அந்த நிழலை வெட்டினால் இளவரசனுக்கே அடி விழும். வாளை உறையிலிட்டு அவனோடு ஒன்றுசேர்ந்தால்தான் மேலே போக முடியும். சிறுவயதில் அந்தக் கட்டத்தில் எத்தனையோ முறை செத்திருக்கிறேன். நினைவகப் பற்றாக்குறைதான் அந்த நிழலைப் பெற்றது என்று முப்பது வயதில் அறிந்தபோது ஏற்பட்ட வியப்பை என்னால் சொல்லில் கொண்டுவர இயலாது. மெக்னரோடு தோள் உரசி நின்று எடுத்த படம் அதில் பத்தில் ஒரு பங்கு வியப்பைக்கூட எனக்குக் கொடுத்திருக்காது.

2017 இல் நிண்டெண்டோ குழுவினர், செல்டா என்ற தங்கள் சாகச கேம் வரிசையின் அப்போதைய புதிய கேமுக்கான எண்ணங்களை, பழைய செல்டாவைப் போன்ற தட்டையான ஒரு மாதிரியில் முதலில் சோதித்துப் பார்த்ததைக் காட்டிய உரையும் அங்கே இருக்கிறது. ஒரு பாத்திரம் எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து ஈர்ப்பு விசையையும் தொடக்க வேகத்தையும் கணக்கிடும் முறையைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே விளக்கும் 2016 ஆம் ஆண்டின் உரை ஒன்றும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு படித்த எவருக்கும் அது புரியும்.

இந்த இடத்தில் அமைப்பாளர்கள் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லா உரைகளும் இப்படிப் பொதுவில் வருவதில்லை. பெரும் பகுதி கட்டணச் சந்தாவுக்குப் பின்னால் இருக்கிறது. அறைக்குள் ரசிகர் வர வேண்டாம் என்று சொல்லும் உரிமை தொழில்துறைக்கு இருக்க வேண்டுமானால், பேச்சாளரின் சம்மதத்தோடு, அவர் வெளியிட விரும்பாத பகுதிகளை நீக்கிவிட்டு, பழைய உரைகளையேனும் எல்லோருக்கும் திறந்துவைக்கும் கடமையும் அதற்கு இருக்கிறது.

தங்கள் இளைஞர் பக்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை இந்த மாநாட்டைப் பற்றி எழுதும்போது, யாரைச் சந்திக்கலாம் என்ற பட்டியலுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் பத்து உரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன சொல்லப்படுகிறது என்பதைத் தமிழில் சுருக்கமாக வெளியிடுங்கள். ஆங்கில உரையைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தயங்கும் மாணவர்கள் நம் மாவட்டக் கல்லூரிகளில் ஏராளமாக இருக்கிறார்கள். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என் அக்காள் மகன் சான் பிரான்சிஸ்கோ போகப் பணம் கேட்டு வந்தான். தாவும் பாத்திரத்தைப் பற்றிய அந்த உரையைப் போட்டுக் காட்டினேன். நேற்று இரவு, ஒரு சதுரப் பெட்டி மூன்று படிகளைத் தாண்டிக் குதிக்கும் காணொளியை எனக்கு அனுப்பியிருக்கிறான். நான்காவது படியில் அது சுவருக்குள் புகுந்துவிடுகிறதாம், ஏன் என்று கேட்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வேளச்சேரி, சென்னை.